ஆழ்கடல் நீரோட்ட அளவீடுகளின் தரம் அறிதல்

ஆழ்கடல் நீரோட்டத்தை ஒரே இடத்தில் நெடுநாள் அளக்க நங்கூரமிட்ட கருவித்தொடர் பயன்படுகிறது. கடல் தரையில் கனமான எடை, அதிலிருந்து மேலெழும் வடம், வடத்தை நிமிர்த்திப் பிடிக்கும் மிதவைகள், வெவ்வேறு ஆழங்களில் நீரோட்டமானிகள் என்பது இதன் அமைப்பு. ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து மீட்கப்படும் கருவியில் ஆயிரக்கணக்கான எண்கள் இருக்கும். அவற்றை அப்படியே நம்ப முடியாது.

இங்கே சிறு பிழையும் பெரிதாகிவிடும். 1000 கி.மீ. அகலமும் 1000 மீட்டர் தடிப்பும் கொண்ட குறுக்குவெட்டில், வேகம் நொடிக்கு 1 செ.மீ. மட்டும் ஒரே பக்கமாகப் பிழைபட்டால், கணக்கிடும் நீரளவில் நொடிக்கு 1 கோடி கன மீட்டர் பிசகும். அட்லாண்டிக் கடலில் மேலே வெப்பநீரை வடக்கே அனுப்பி, ஆழத்தில் குளிர்நீரைத் தெற்கே திருப்பும் பெருஞ்சுழற்சியை, வடக்கு 26.5 பாகையில் ராப்பிட் கருவித்தொடர் 2004 முதல் கண்காணிக்கிறது. அதன் சராசரியே நொடிக்கு ஏறத்தாழ 1.7 கோடி கன மீட்டர்தான். அச்சுழற்சி வலுவிழக்கிறதா என்று கேட்பவர் முதலில் அளவீட்டை நம்பலாமா என்று கேட்க வேண்டும்.

பூச்சியங்களிலிருந்து தொடங்கலாம். பழைய சுழலி வகைக் கருவிகளில், வேகம் நொடிக்குச் சுமார் 2 செ.மீ.க்குக் கீழே இறங்கினால் சுழலி சுற்றாது. எனவே பூச்சியம் என்பது நீர் மிக மெதுவாக நகர்ந்ததைக் குறிக்கலாம். சுழலியில் ஏதோ சிக்கிக்கொண்டதையும் குறிக்கலாம். தேர்வில் தவறாக எழுதிய மாணவனுக்குப் பூச்சியம் போடுகிறோம். தேர்வுக்கே வராதவனுக்கு 'வரவில்லை' என்றுதான் எழுதுகிறோம். அந்த வேறுபாடு இங்கும் வேண்டும். பூச்சியங்கள் ஓத ஓட்டம் திசை மாறும் வேளைகளில் மட்டும் வந்து மறைந்தால் அது இயல்பு. வாரக்கணக்கில் தொடர்ந்து, மேலும் கீழும் உள்ள கருவிகள் ஓட்டத்தைக் காட்டினால், கருவி பழுதுபட்டிருக்கிறது.

ஒலியலை வகைக் கருவிகளில் சுழலி இல்லை. நீரிலுள்ள நுண்துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியிலிருந்து அவை வேகத்தைக் கணிக்கின்றன. ஆழ்கடல் நீரில் துகள் குறைவு. எதிரொலி மெலிந்தால் வேக எண்கள் தாறுமாறாகச் சிதறும். ஆகையால் எதிரொலியின் வலிமையையும் உடன் பார்க்க வேண்டும்.

அடுத்தது அழுத்தப் பதிவு. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஓட்டம் வலுத்தால் வடம் சாயும், கருவி தன் ஆழத்திலிருந்து கீழே இறங்கும். பொதுவாக ஆழம் கூடக்கூட வேகம் குறைவதால், ஓட்டம் மிக வலுவாக இருந்த நாட்களில்தான் கருவி அதைக் குறைத்துக் காட்டும். அழுத்தப் பதிவு இல்லாவிட்டால் இக்குறை வெளியே தெரியாது.

திசைகாட்டிக்கு அவ்விடத்துக் காந்த ஒதுக்கத்தைத் திருத்த வேண்டும். கடிகாரத்தை மீட்ட அன்றே செயற்கைக்கோள் நேரத்துடன் ஒப்பிட வேண்டும். 12 மணி 25 நிமிடச் சந்திர ஓதமும் ஒரு சான்று. பதிவில் அது கணித்த நேரத்திலிருந்து மெல்ல விலகிக்கொண்டே போனால் கடிகாரத்தைச் சந்தேகிக்கலாம்.

ஐயம் வந்தால் எண்ணை அழிக்கக் கூடாது. பக்கத்தில் குறியீடு இட வேண்டும். யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் வகுத்த முறையில் 1 நல்லது, 2 சோதிக்கப்படாதது, 3 ஐயத்துக்குரியது, 4 தவறு, 9 அளவீடே இல்லை. அழிக்காததன் பயனுக்கு ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு. 1960இல் பெர்முடா அருகே ஜான் ஸ்வாலோ ஆழ்நீரில் தாமாக நகரும் மிதவைகளை விட்டார். நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே நகரும் என எதிர்பார்க்கப்பட்டது. அவை நொடிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில், திசை மாறி மாறி ஓடின. மிதவைகளில் பிழை இல்லை. ஆழ்கடலிலும் சுழல்கள் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.