வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் நண்பர்களாக வேண்டும்

ஆரம்பப் பிரிவில் பயிலும் பிள்ளையொன்று வயிற்றுவலி எனக் கூறிப் பாடசாலை செல்ல மறுக்கும்போது அதனைச் சோம்பல் என்றே பெற்றோர் பலர் கருதிவிடுகின்றனர். சக மாணவரின் துன்புறுத்தல் அதன் பின்னணியில் இருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தெரியவந்தாலும், சிறுபிள்ளை விளையாட்டு எனத் தட்டிக்கழித்து விடுகின்றோம்.

சமபலமுள்ள இருவர் சண்டையிட்டு மறுநாளே சேர்ந்துகொள்வது விளையாட்டு. பலம் கூடிய ஒருவரோ ஒரு குழுவோ, எதிர்க்க இயலாத ஒருவரை வேண்டுமென்றே மீண்டும் மீண்டும் நோகடிப்பது துன்புறுத்தல். நோர்வேயில் 1983ஆம் ஆண்டு இதற்கெதிரான பாடசாலைத் திட்டத்தை ஆரம்பித்த உளவியலாளர் டான் ஒல்வியஸ் இவ்வாறே இதனை வரையறுத்தார். அடிப்பது மாத்திரமன்றி, பட்டப்பெயர் சூட்டுவதும், நிறத்தையோ பேச்சு வழக்கையோ பெற்றோரின் தொழிலையோ பரிகசிப்பதும், விளையாட்டில் சேர்க்காது ஒதுக்குவதும் இதனுள் அடங்கும்.

கனடாவின் ரொறன்ரோ நகரப் பாடசாலை மைதானங்களை அவதானித்து 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று கவனத்திற்குரியது. துன்புறுத்தல் சம்பவங்களில் 88 சதவீதமானவற்றின்போது ஏனைய பிள்ளைகள் அருகில் இருந்தனர். எனினும் 19 சதவீதமானவற்றிலேயே எவரேனும் தலையிட்டனர். அவ்வாறு தலையிட்ட சந்தர்ப்பங்களில் 57 சதவீதமானவற்றில் துன்புறுத்தல் நின்றுபோனது. சுற்றி நின்று சிரிப்பவர்களே துன்புறுத்துபவருக்குப் பலமளிக்கின்றனர் என்ற உண்மையை அடிப்படையாகக் கொண்டே, பின்லாந்து 2009ஆம் ஆண்டு முதல் 'கீவா' என்னும் திட்டத்தை நாடளாவிய ரீதியில் பாடசாலைகளில் முன்னெடுத்தது.

இதனை நமது வகுப்பறைகளிலும் கற்பிக்க இயலும். ஒருவரை மாட்டிவிடக் கூறுவது கோள். ஒருவரைக் காப்பாற்றக் கூறுவது உதவி என்ற வேறுபாட்டைத் தரம் ஒன்றிலேயே பிள்ளைகளுக்கு உணர்த்த வேண்டும். துன்புறுத்துபவரை எதிர்க்கத் துணிவில்லாத பிள்ளையும், இடைவேளையில் தனித்திருப்பவரிடம் சென்று "எங்களோடு விளையாட வா" என அழைக்க முடியும். விளையாட்டு அணிகளைப் பிள்ளைகளே தெரிவு செய்தால் எப்போதும் ஒரே பிள்ளை இறுதியில் எஞ்சி நிற்கும். ஆசிரியரே குழுக்களைப் பிரித்து, அடிக்கடி மாற்றியமைப்பது நன்று. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் வகுப்புகளில் இதன் பயன் பன்மடங்காகும்.

துன்புறுத்திய பிள்ளையைப் பிரம்பால் திருத்த முனைவது தவறாகும். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடை செய்துள்ளது. அத்துடன், பலசாலி பலவீனரை அடிக்கலாம் என்ற பாடத்தையே பிரம்பும் கற்பிக்கின்றது. நோகடித்த பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசி, தான் செய்ததை ஈடுசெய்ய வழிகாட்டுவதே பொருத்தமானது. நிலைமை கைமீறினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை நாடலாம்.

"இன்று எத்தனை புள்ளிகள் பெற்றாய்?" என்று பிள்ளையிடம் நாள்தோறும் கேட்கின்றோம். "இன்று யாருடன் விளையாடினாய்? யார் தனித்திருந்தார்?" என்றும் கேட்கப் பழகுவோமாக.