பாட்டுடைத் தலைவி



யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே உள்ள நயினாதீவே மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் என்பர் ஆய்வாளர் சிலர். அம்மணிமேகலையின் தாய் மாதவியையும் தந்தை கோவலனையும் பிரித்தது யாது? ஒரு பாட்டு. புகார்க் கடற்கரையிலே கோவலன் யாழிசைத்துக் காதற் பாடல்கள் பாடினான். வேறொருத்தியை நினைந்து பாடுகின்றான் என எண்ணினாள் மாதவி. அவளும் யாழை வாங்கிப் பாடினாள். இவள் உள்ளத்தில் வேறொருவன் உளன் என எண்ணினான் கோவலன், பிரிந்து சென்றான். "யாரை நினைந்து பாடியது?" என்னும் ஐயமே அக்குடியைக் கெடுத்தது.

அதே வினா மேனாட்டு றொக் இசையுலகிலும் ஓயாது எழுந்து வந்துள்ளது. புத்தாடை அணிந்து புகைப்படத்திற்குத் தோற்றமளிக்கும் மொடல் மங்கையரை அங்குப் பாடகர் பலர் காதலித்தனர், மணந்தனர். இதில் வியப்பில்லை. 1960-களின் இலண்டனிலே புதிய இசையும் புதிய உடையும் ஒரே இளைஞர் கூட்டத்தை நாடின. ஒரே பத்திரிகைகளில் இடம்பெற்றன.

அவர்களுள் ஒருவர் பற்றீசியா போய்ட் அம்மையார். பீற்றில்ஸ் குழுவினர் நடித்த திரைப்படம் ஒன்றில் 1964-ஆம் ஆண்டு சிறு வேடம் ஏற்றபோது, அக்குழுவின் ஜோர்ஜ் ஹரிசனைச் சந்தித்தார். 1966-இல் இருவரும் மணந்தனர். அதே ஆண்டு இருவரும் பம்பாய் வந்தனர். ஹரிசன் அங்கே ரவிசங்கரிடம் சித்தார் பயின்றார்.

1969-இல் ஹரிசனின் 'சம்திங்' என்னும் பாடல் வெளியாயிற்று. அது தமக்கென இயற்றப்பட்டது என்றார் அம்மையார். ஹரிசனோ, றே சார்ள்ஸ் என்னும் பாடகர் பாடுவதாகக் கற்பனை செய்தே இயற்றினேன் என்று பின்னாளில் கூறினார். மறு ஆண்டு, ஹரிசனின் நண்பர் எரிக் கிளாப்டன், நண்பர் மனைவிமேல் கொண்ட காதலைப் பாட்டாக்கினார். அவர் பெயரைச் சுட்டாது, பாரசீகக் கவி நிசாமி பாடிய லைலாவின் பெயரை வைத்தார். ஆயினும் உலகம் அறிந்துகொண்டது. 1977-இல் ஹரிசனிடமிருந்து மணமுறிவு பெற்ற அம்மையார் 1979-இல் கிளாப்டனை மணந்தார்; அம்மணமும் 1989-இல் முறிந்தது. பாட்டு நிலைத்தது, இல்லறம் நிலைக்கவில்லை.

இங்கே நம் முன்னோர் வகுத்த நெறி நினைக்கத்தக்கது. அன்பின் ஐந்திணைப் பாடல்களிலே தலைவன், தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்கிறது தொல்காப்பியம். பெயர் சுட்டின் அது அகமாகாது, புறமாகும். பெயரில்லாத தலைவி எல்லார்க்கும் உரியவள். எவரும் தம் காதலை அவளிடத்தே காணலாம். பெயர் வெளிப்பட்டவுடன், உயிருள்ள ஒரு பெண்ணின் வாழ்வு ஊரார் வாய்க்கு உணவாகின்றது. பாட்டின் தலைவி மூப்படைவதில்லை. அவளுக்குக் கண்ணீரும் இல்லை. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு இரண்டும் உண்டு.

எனினும் மாதவி வாளா இருந்தாளில்லை. யாழைத் தானே ஏந்தினாள். போய்ட் அம்மையாரும் அவ்வாறே ஒளிப்படக் கருவியைத் தம் கையில் எடுத்தார். தாம் எடுத்த படங்களை 2005-இல் காட்சிக்கு வைத்தார். 2007-இல் தம் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார்.

காதற் பாட்டைக் கேட்கும்போது அதன் இன்பத்தை நுகர்வோம். பாடப்பெற்றவள் யாரென அறிய நேரின், அவள் தன் வாயால் கூறுவதையும் செவிமடுப்போம்.