சீர் வரும், பில் வராது

பாத்திரக் கடையில் குக்கரைத் தட்டிப் பார்த்து விலை படிந்ததும் அடுத்த கேள்வி, "பேர் வெட்டணுமா?" கொடுப்பவர் பெயர், ஊர், தேதி. சின்ன மெஷின் ஒன்று மூடியின் மேல் டிர்ரென்று ஓடும். பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையை வாங்கியவரே நகத்தால் சுரண்டி எடுப்பார். பில் அவர் சட்டைப்பையில் மடங்கி, அடுத்த சலவையில் கூழாகும்.

பண்டிகைப் பரிசால் காயம்பட்டால் சட்டம் என்ன தரும் என்று எழுதச் சொன்னார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தக் கூழ்தான். கூடவே என் சித்தியின் வலது கை.

சித்திக்கு அந்தக் குக்கர் பொங்கல் சீராக வந்தது. பிறந்த வீட்டுக் கரும்பு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து; பானைக்குப் பதில் ஐந்து லிட்டர் குக்கர். மூன்றாவது மாதம் ஒரு காலையில், விசிலே வராமல் மூடி பிய்த்துக்கொண்டு போனது. பருப்பு கை முழுக்க, கழுத்தில் பாதி. குக்கருக்குள் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியோடு நிற்பதில்லை, அழுத்தத்தில் 120 டிகிரி வரை ஏறும். வெயிட் அடைத்துக்கொண்டால் ஆளைக் காப்பாற்றத்தான் மூடியில் சேஃப்டி வால்வு. சூடு மீறினால் அதிலுள்ள உலோகம் உருகி ஆவிக்கு வழிவிட வேண்டும். சித்தியின் குக்கரில் அது உருகவில்லை.

ஏன் உருகவில்லை என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. சித்தி ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சித்தப்பா அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். "ஆளையே பதம் பார்த்த சாமான் வீட்டுல எதுக்கு?"

வழக்குப் போடலாமே என்றேன். "நானா காசு கொடுத்து வாங்கினேன்? வாங்கினவன் தம்பி. அவன்கிட்டப் போய் பில்லு கேட்டா, அவன் பொண்டாட்டி என்ன நினைப்பா?" என்றார் சித்தி.

இதில் முதல் பாதி தவறு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். தாம்பாளத்தில் வைத்துக் கையில் கொடுத்ததைவிட வேறென்ன சம்மதம் வேண்டும்? 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இது இருந்தது. புதிய சட்டம், பொருளால் நேரும் தீங்குக்குப் பொறுப்பு யாருடையது என்று தனி அத்தியாயமே சேர்த்தது. தயாரிப்பில் கோளாறு, வடிவமைப்பில் கோளாறு, எப்படிப் பயன்படுத்துவது என்று சரியாகச் சொல்லாதது, இவற்றில் ஒன்று இருந்து காயம்பட்டாலும் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். காயத்தோடு வரும் மன உளைச்சலும் கணக்கில் சேரும். குழந்தைக்கு அடிபட்டால் பெற்றோர் கேட்கலாம், உயிர் போனால் வாரிசு.

செய்தது யார் என்றே தெரியாத சாமான் என்றால்? அப்போது விற்றவர் தலையில் விழும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கும், பிப்ரவரி 1 முதல் குக்கர்களுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இருந்தும் திருவிழாக் கடைகளில் முத்திரை இல்லாத பேட்டரி கார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

புகாரை நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

சித்தி சொன்னதன் இரண்டாம் பாதிக்குத்தான் எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. பரிசுக்குப் பில் கேட்பது நம் ஊரில் விலை கேட்பது. 'எவ்வளவுக்கு வாங்கினான்னு பார்க்கிறாங்க' என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த பொங்கலுக்குச் சீர் வராது. தலை தீபாவளிக்கு வந்த மிக்ஸி ஷாக் அடித்தால் மாமனாரிடம் எந்த மாப்பிள்ளை பில் கேட்பார்? தீபாவளிச் சீட்டில் கிடைத்த சாமானுக்குப் பில் சீட்டுக்காரரிடம் இருக்கும், அல்லது அவருக்கே தந்திருக்க மாட்டார்கள். கம்பெனி போனஸோடு கொடுத்த எலக்ட்ரிக் கெட்டிலுக்கு, கேட்கிற ஆளைப் பொறுத்து!

கடைக்காரரும் இந்தக் கூச்சத்தில் குளிர் காய்கிறார். துண்டுச் சீட்டில் பென்சிலால் கூட்டிப் போட்டு, "பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும், பரவாயில்லையா?" என்பார். பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. அட்டைப்பெட்டி, வாரண்டி அட்டை, யு.பி.ஐ.யில் பணம் போன பதிவு, கொடுத்தவரின் வாக்குமூலம் என்று வேறு சான்றுகளை வைத்தும் வாதாடலாம்தான். ஆனால் வழக்கு நொண்டிக்கொண்டேதான் கிளம்பும்.

காஸ்கெட்டை மாற்றாமல், வெயிட்டைக் கழுவாமல் வைத்துக்கொண்டு எங்களைக் குறை சொல்கிறார்கள் என்பது வியாபாரிகள் தரப்பு. தவறாகப் பயன்படுத்தினால் விற்றவர் பொறுப்பில்லை என்று சட்டமும் ஒப்புக்கொள்கிறது. மூன்று மாதக் குக்கருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதைப் பரிசோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே பொருளை முத்திரையிட்டு அங்கே அனுப்பும். அனுப்பப் பொருள் வேண்டுமே! கோணிப்பையில் கட்டி, கழுவாமல், அந்தக் காய்ந்த பருப்போடு பரணில் போட்டிருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல், வாங்கிய சித்தப்பா, அதை மட்டும் பத்திரமாக பீரோவில் வைத்திருக்கிறார்.

போன வாரம் ஒரு பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவரிடம் கேட்டேன், பெயருக்குக் கீழே பில் நம்பரையும் வெட்டித் தருவீர்களா என்று. மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வெட்டலாம் சார், எழுத்துக்கு அதே ரேட்டுதான். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."