காற்று ஆள் பார்த்து அடிக்குமா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள். எங்கள் கற்போர் மையத்தில் செய்தித்தாள் வாசித்துக் கொண்டிருந்தோம். வங்கக் கடலில் புயல் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஒரு அக்கா எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தார். தாளை மடித்து வைத்தார். பிறகு கேட்டார்.

"ஏன் தம்பி, காத்து என்ன ஆள் பார்த்தா அடிக்குது? எப்பப் பார்த்தாலும் எங்க தெருக் கூரைதானே பறக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதிலும் தெரியவில்லை. அதன் பிறகு தேடிப் படித்தேன். படித்ததில் ஒடிசா மாநிலத்தின் கதை என் மனதில் நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒடிசா எங்கே இருக்கிறது? ஆந்திராவுக்கு வடக்கே, வங்கக் கடல் ஓரமாக. நம்மைப் போலவே அவர்களுக்கும் ஐப்பசி, கார்த்திகை என்றால் புயல் பயம்தான்.

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29. அன்று பாரதீப் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரும்புயல் கரை ஏறியது. காற்று மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. பேருந்து ஓடும் வேகத்தைப் போல நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். காற்றோடு கடலும் வந்தது. சுமார் 20 அடி உயரத்துக்கு நீர் எழும்பி, நிலத்துக்குள் பல கிலோமீட்டர் தூரம் புகுந்தது.

ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 16 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சேதமாயின. ஆடு மாடுகள் மட்டும் சுமார் 4 லட்சம் செத்தன. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜகத்சிங்பூர் என்ற ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அதிலும் எர்சமா என்ற வட்டாரத்தில்தான் சாவு அதிகம்.

புயல் வருகிறது என்று வானிலைத் துறை முன்கூட்டியே சொல்லவில்லையா? சொன்னது. வானொலியிலும் சொன்னார்கள். ஆனால் வானொலிப் பெட்டி இல்லாத குடிசைக்கு அந்தச் செய்தி எப்படிப் போகும்? போனாலும், அந்தக் குடிசைக்காரர் எங்கே ஓடுவார்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒரு மாடி வீடு இருக்கிறது. அதற்குள் இருப்பவர் கதவைச் சாத்திக் கொண்டால் போதும். மண் சுவரும் ஓலைக் கூரையும் உள்ளவருக்குச் சாத்துவதற்குக் கதவே பலமில்லை. மாடி வீடு ஊரின் மேட்டில் இருக்கும். குடிசை எங்கே இருக்கும்? ஆற்றங்கரையில், ஓடை ஓரத்தில், கடலோரப் புறம்போக்கில் இருக்கும். நல்ல மேட்டு நிலம் ஏழைக்கு எப்போது கிடைத்தது? பல ஊர்களில் சேரி தாழ்ந்த இடத்தில்தான் இருக்கிறது. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அந்தத் தெரு. தண்ணீர் கடைசியாக வடிவதும் அந்தத் தெருவில்தான்.

பெண்களுக்கு இன்னும் கஷ்டம். குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு, சேலையைக் கட்டிக் கொண்டு, கழுத்தளவு நீரில் எப்படி ஓடுவது? வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தால், அவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. நீச்சலைப் பையன்களுக்குக் கற்றுக் கொடுக்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு எத்தனை வீட்டில் கற்றுக் கொடுக்கிறோம்?

ஆக, காற்று ஆள் பார்த்து அடிப்பதில்லை. ஆனால் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை நாம்தான் முன்பே ஆள் பார்த்து முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

அதே மாநிலம், அடுத்த புயல்

1999-இல் ஒடிசா கடற்கரை முழுவதற்கும் இருபது சொச்சம் புயல் காப்பகங்கள்தான் இருந்தன. அவற்றுக்குள் போனவர்கள் பிழைத்தார்கள். இந்த உண்மையை அந்த அரசு மறக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியிலேயே பேரிடர் வேலைக்கென்று தனியாக ஓர் அமைப்பை உண்டாக்கியது. பிறகு நூற்றுக்கணக்கில் காப்பகங்கள் கட்டினார்கள். தூண்கள் மேல் நிற்கும் கட்டடம் அது. கீழே தண்ணீர் ஓடலாம். மேலே ஆட்கள் இருக்கலாம். மற்ற நாட்களில் அதில் பள்ளிக்கூடம் நடக்கும். கட்டடத்தைக் கட்டிப் பூட்டி வைத்தால் பூட்டு துருப்பிடித்துவிடும் என்பது நமக்குத் தெரியும் அல்லவா?

ஊருக்கு ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். யார் மெகாபோன் பிடிப்பது, யார் முதியவர்களைத் தூக்கி வருவது, யார் கர்ப்பிணிகளைக் கவனிப்பது என்று முன்பே பிரித்துக் கொண்டார்கள்.

2013 அக்டோபர் 12. பைலின் என்ற புயல் கோபால்பூர் அருகே கரை கடந்தது. அதுவும் மிகப் பெரிய புயல்தான். ஆனால் அதற்கு முன்பே சுமார் 10 லட்சம் பேரை அப்புறப்படுத்தி விட்டார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. 2019 மே 3-இல் ஃபானி புயல் பூரி அருகே வந்தது. அப்போது சுமார் 12 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் 64 பேர்.

பத்தாயிரம் எங்கே, அறுபத்து நான்கு எங்கே! காற்றை யாராலும் நிறுத்த முடியவில்லை. சாவைக் குறைக்க முடிந்தது.

ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது. ஃபானி புயலின்போது பூரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தலித் குடும்பங்களைப் பொதுக் கட்டடத்துக்குள் சேர்க்கவில்லை என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. வெளியே மரம் முறிகிறது, உள்ளே இடம் இருக்கிறது, ஆனாலும் "நீ வராதே" என்கிறார்கள். அரசு கட்டிய கூரை. எல்லோர் வரிப் பணத்திலும் கட்டியது. நான் இதைப் படித்தபோது பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

மரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடல் ஓரத்துச் சேற்றில் அலையாத்திக் காடுகள் வளரும். வேர்கள் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். அலையின் வேகத்தை அவை உடைத்துவிடும். 1999 புயலுக்குப் பின் கேந்திரபாரா மாவட்டத்தில் நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்களை ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவே காடு அகலமாக இருந்த ஊர்களில் சாவு குறைவாக இருந்தது. காடு அழிந்த இடத்தில் நஷ்டம் யாருக்கு? காட்டை வெட்டி இறால் பண்ணை போட்டவர் நகரத்தில் இருப்பார். அலை வரும்போது ஊரில் இருப்பவர் மீனவர்தான்.

ஏழு ஊர்களில் மிச்சம்

புயல் ஒரு நாளில் வந்து போகும். கடலோ மெதுவாக, விடாமல் வருகிறது.

கேந்திரபாரா மாவட்டத்தில் சாதபயா என்ற பகுதி இருந்தது. ஏழு அண்ணன் தம்பி என்று அதற்குப் பொருள். ஏழு கிராமங்கள் சேர்ந்த இடம். ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போய்விட்டன. வயல் போனது, கிணறு உப்பாகிப் போனது, பிறகு வீடும் போனது. 2018-இல் மிச்சமிருந்த 571 குடும்பங்களை உள்நாட்டில் பாகபாட்டியா என்ற இடத்துக்குக் குடி மாற்றினார்கள்.

அங்கே பஞ்சுபாராஹி என்று ஐந்து அம்மன்கள் உள்ள கோயில் ஒன்று. அதில் பூசை செய்பவர்கள் மீனவச் சமூகத்துப் பெண்கள். ஆண்கள் சிலையைத் தொடக் கூடாது என்பது பழைய வழக்கம். கடல் நெருங்கியதும் அம்மனையும் இடம் மாற்ற வேண்டி வந்தது. கல் சிலைகள் மிகவும் கனம். அதனால் தூக்குவதற்காக மட்டும் ஆண்களை அனுமதித்தார்கள். சாமிக்கே இந்தக் கதி!

புது இடத்தில் மனை கிடைத்தது. உழுவதற்கு நிலம்? மீன் பிடிக்கக் கடல்? ஆகவே ஆண்கள் வேலை தேடிக் கேரளத்துக்குப் போகிறார்கள். ஒடியா பேசும் தொழிலாளிகளைத் திருப்பூரிலும் சூரத்திலும் பார்க்கலாம். நம் ஊர்த் தேநீர்க் கடையில் "வடக்கன்" என்று யாரையாவது கேலி பேசினால், அவர் எந்தத் தண்ணீரைத் தாண்டி வந்தவர் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

கடல் ஏன் ஏறுகிறது? நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்கும்போது வரும் புகை வானத்தில் போர்வை மாதிரி தங்கி விடுகிறது. பூமி சூடாகிறது. பனிமலைகள் உருகுகின்றன. கடல் நீரும் சூடாகி விரிகிறது. சூடான கடல்தான் புயலுக்குத் தீனி. இந்தப் புகையை அதிகம் விட்டவர் யார்? கார் இரண்டு, ஏ.சி. நான்கு வைத்திருப்பவரா? விறகு பொறுக்கி அடுப்பு எரிக்கும் சாதபயாப் பெண்ணா? நீங்களே சொல்லுங்கள்.

நிவாரணம் எப்படிக் கணக்காகிறது?

இதைக் கவனமாக வாசியுங்கள். இது நம் எல்லோருக்கும் பொருந்தும்.

பேரிடர் நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு என்று மத்திய அரசு ஒரு விதிமுறை வைத்திருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கான விதிமுறையில், சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். அழிந்தது குடிசை என்று எழுதினால் 8,000 ரூபாய். கறவை மாடு செத்தால் 37,500 ரூபாய்.

இரண்டு தடவை வாசித்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் குடிசை, ஒரு மாட்டின் விலையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மாட்டுக்குக் கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. பணக்காரர் வீடு இடிவது குறைவு, ஏழையின் குடிசை அழிவதுதான் அதிகம். அந்த அதிகத்துக்குத்தான் தொகை குறைவு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே, கணக்கெடுக்க வருபவர் நோட்டில் "வீடு" என்று எழுதுகிறாரா, "குடிசை" என்று எழுதுகிறாரா என்பதில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். மண் சுவர் வைத்த கச்சா வீடும் "வீடு" கணக்கில் வரும். இதைத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள் எத்தனை பேரோ!

இன்னொன்று. வீடு முறைப்படி அனுமதி பெற்றது என்று அதிகாரி சான்று தர வேண்டும். புறம்போக்கில் இருப்பவருக்கு அந்தச் சான்றுக்கு எங்கே போவது? பயிர் நஷ்டத்திலும் இதே கதைதான். பல இடங்களில் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் பணம் போய்ச் சேர்கிறது. வாய்ப் பேச்சாகக் குத்தகை எடுத்து, விதை வாங்கி, கடன் வாங்கி உழுதவர் கை கட்டி நிற்கிறார். படகு உடைந்தால் படகு முதலாளிக்கு உதவி உண்டு. அதில் கூலிக்குப் போன ஆளுக்குப் படகு உடைந்ததும் வேலையும் போய்விட்டது. அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் எங்கே?

இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அதற்கும் இறப்புக்குக் காரணம் இன்னது என்ற சான்று வேண்டும். வெயிலில் வேலை செய்து சுருண்டு விழுந்தவருக்கு அந்தச் சான்று சுலபத்தில் கிடைப்பதில்லை. 1998 கோடையில் ஒடிசாவில் வெப்பத்தால் மட்டும் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

இதையெல்லாம் அடுத்த வாரம் மையத்தில் சொன்னேன். அக்கா பேசாமல் கேட்டார். மறுநாள் ஒரு பழைய பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்தார். அதில் ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், மடித்து மடித்துக் கிழிந்த வீட்டு வரி ரசீது. ரசீதை அவரே வாசித்தார். அதில் இருந்தது மாமனார் பெயர். அவர் இறந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டதாம்.

"அப்படின்னா நாளைக்குக் கூரை போனா, செத்தவருக்கா தம்பி பணம் வரும்?" என்றார்.

பெயர் மாற்றத்துக்கு ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். மனுவை நான் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரத்தில் அவரே எழுதினார். "ரசீது" என்பதில் எந்த "ர" என்று மட்டும் என்னிடம் கேட்டார். திங்கட்கிழமை கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, பெற்றுக் கொண்டதற்கான முத்திரையையும் போட்டு வாங்கி வந்தார்.