விதைப்பை வலி... திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் போடும் பெரியவர்கள் கவனத்துக்கு!

மூட்டுவலி என்றால் பேரனைக் கூப்பிட்டுத் தைலம் தேய்க்கச் சொல்வார்கள். விதைப்பையில் வலி என்றால் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. காலை அகட்டி நடப்பது, ஸ்கூட்டரில் ஏறத் தயங்குவது, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவது என வீட்டில் இருப்பவர்களே பார்த்துக் கண்டுபிடித்தால்தான் உண்டு. அதற்குள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டிருப்பார்கள். வலி குறையும். இரண்டு வாரத்தில் திரும்பி வரும். மறுபடியும் அதே மாத்திரை.

விரைக்குப் பின்புறம் ஒட்டியபடி சுருண்டு கிடக்கும் மெல்லிய குழாய்க்கு எபிடிடிமிஸ் என்று பெயர். நீட்டி அளந்தால் சுமார் 6 மீட்டர் இருக்கும். விந்தணுக்கள் முதிர்ச்சி அடைவது இங்கேதான். வயதானவர்களுக்கு வீக்கத்தோடு வலி வந்தால், பெரும்பாலும் இந்தக் குழாயில்தான் கிருமித் தொற்று இருக்கும்.

இளைஞர்களுக்கு இது பாலியல் தொற்றால் வருவது அதிகம். 'இந்த வயசுல இப்படியொரு நோயா' என்று நினைப்பார்களோ என்ற பயத்திலேயே பல பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. ஆனால், அவர்கள் விஷயத்தில் காரணம் பெரும்பாலும் வேறு. புராஸ்டேட் சுரப்பி வீங்கி, சிறுநீர் முழுதாக வெளியேறாமல் பையிலேயே தேங்குகிறது. அதில் பெருகும் ஈ.கோலை போன்ற குடல் கிருமிகள், விந்து வரும் குழாய் வழியே எதிர்த்திசையில் இறங்கிவிடுகின்றன. சிறுநீர் டியூப் போட்டவர்கள், புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

கல்ச்சருக்குப் பிறகே மாத்திரை

யூரின் கல்ச்சருக்குச் சிறுநீரைக் கொடுத்துவிட்டுத்தான் முதல் மாத்திரையைப் போட வேண்டும். மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகலாம். ரிசல்ட் வர இரண்டு, மூன்று நாள்கள் ஆகும். அதுவரை டாக்டர் அனுபவத்தை வைத்து ஒரு மருந்து தருவார். பிறகு தேவையென்றால் மாற்றுவார். இதற்குப் பரவலாகத் தரப்படும் லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு, நம் நாட்டு ஈ.கோலை கிருமிகளில் பெரும்பகுதி கட்டுப்படுவதில்லை என்று ஐ.சி.எம்.ஆர் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. கல்ச்சர் இல்லாமல் மாத்திரை போடுவது குருட்டாம்போக்குதான்.

பொதுவாக 10 முதல் 14 நாள்கள் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். மூன்று நாளில் கொஞ்சமாவது குணம் தெரியாவிட்டால் மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். அதேநேரம், மருந்து முடிந்த பிறகும் வீக்கம் சில வாரங்கள் நீடிப்பது இயல்பு. அதற்காக இன்னொரு கோர்ஸ் தேவையில்லை. இறுக்கமான உள்ளாடை, படுக்கும்போது விதைப்பைக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டு, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் ஆகியவை வலியைக் குறைக்கும்.

லெவோஃப்ளாக்சசின் சாதாரண மாத்திரை அல்ல. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு, குதிகால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து அதிகம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2008-ல் எச்சரித்தது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கலாம் என்பது 2018-ல் வந்த எச்சரிக்கை. நம் நாட்டிலும் 2014 முதல் இது ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விதி என்னவோ அப்படித்தான்!

அப்போதும் தீராவிட்டால்?

முக்கியமாகச் சந்தேகிக்க வேண்டியது காசநோய். அது நுரையீரலுக்கு மட்டும் வருவதல்ல, எபிடிடிமிஸையும் தாக்கும். லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கி வைக்கும் என்பதுதான் சிக்கல். வலி குறைவதுபோலத் தெரியும். நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். குடலிறக்கம், சிறுநீரகக் கல் ஆகியவற்றின் வலியும் விதைப்பைக்கு வரலாம். கெட்டியான கட்டி தென்பட்டால் ஸ்கேன் அவசியம். 60 வயதுக்கு மேல் விரையில் அதிகம் காணப்படும் புற்றுநோய் லிம்ஃபோமா.

மூன்று மாதங்களுக்கு மேல் வலி நீடித்து, கல்ச்சரில் கிருமியும் இல்லையென்றால் ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. நரம்பு வலிக்கான மருந்துகள், மரத்துப்போக வைக்கும் ஊசி என்று வேறு வழிகள் இருக்கின்றன.

திடீரெனத் தாங்க முடியாத வலி வந்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இளவயதினருக்கே இது அதிகம் என்றாலும், எந்த வயதிலும் வரலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை நோயாளிக்கு விதைப்பைத் தோல் கறுத்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

யூராலஜி டாக்டரிடம் போகும்போது, இதுவரை போட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.