நிறுத்தத் தெரியாத சார்ஜர்

தசரா வந்தால் மைசூரில் அரண்மனை மட்டுமா மின்னுகிறது? எங்கள் வீட்டுக் கொலுப்படியிலும் எல்.இ.டி. சரம் தொங்கும். சரத்துக்கு மூன்று பென்சில் செல். சாதாரண செல் நவராத்திரி முடியும்வரை தாங்காது என்று ஒரு வருஷம் நான்கு ரீசார்ஜ் செல்லும் ஒரு மலிவு சார்ஜரும் வாங்கி வந்தேன். அந்த சார்ஜர் ஜோடியாகத்தான் ஏற்றும். ஒற்றைச் செல்லை வைத்தால் விளக்கே எரியாது. தேவையோ மூன்று. ஆகவே மூன்றாவதற்குத் துணையாக, பயன்படுத்தாத நான்காவது செல்லையும் ராத்திரிதோறும் உள்ளே வைத்தேன். ஏற்கெனவே நிறைந்திருந்த அந்தத் துணைச் செல்தான் ஆறாம் நாள் காலையில் தொட முடியாத சூட்டில் கிடந்தது. மேலுறை சுருங்கி, நுனியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சார்ஜரின் சிவப்பு விளக்கு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது.

தப்பு செல்லின்மேல் இல்லை. வீட்டில் புழங்கும் ரீசார்ஜ் பென்சில் செல் பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. ஏற்ற ஏற்ற அதன் வோல்டேஜ் 1.4, 1.5 என்று உயரும். நிறைந்ததும் சில மில்லிவோல்ட் மட்டும் இறங்கும். கூடவே சூடு ஏறும். அதற்குப் பிறகு உள்ளே போகும் மின்சாரம் சேமிப்பாகாது, வெறும் சூடுதான். ஸ்மார்ட் சார்ஜர் என்பது அந்தச் சிறு இறக்கத்தையும் சூட்டையும் கவனித்து, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக நிறுத்தத் தெரிந்த சார்ஜர். மலிவு சார்ஜருக்கு இது தெரியாது. சிலதில் மணிக்கணக்கு பார்த்து நிறுத்தும் டைமர் உண்டு, சிலதில் அதுவும் கிடையாது.

கடையில் நின்று பார்க்க வேண்டியது, ஒவ்வொரு குழிக்கும் தனி விளக்கு இருக்கிறதா என்பது. ஒற்றைச் செல்லை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு, பின்புறம் அச்சிட்டிருக்கும் மின்னோட்ட அளவு. பென்சில் செல்லுக்கு 500 முதல் 1000 மில்லிஆம்பியர் சரியாக இருக்கும், ரிமோட்டில் போடும் சின்ன செல்லுக்கு அதில் பாதி. ‘மெதுவாக ஏற்றினால் செல்லுக்கு நல்லது’ என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மைதான். மிகக் குறைந்த மின்னோட்டத்தில் அந்த வோல்டேஜ் இறக்கம் தெளிவாகத் தெரியாமல் ஸ்மார்ட் சார்ஜரே ஏமாந்துபோகலாம்.

செல்லின்மேல் எழுதியிருக்கும் கொள்ளளவு (எம்.ஏ.எச்.) எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நல்ல நிறுவனத்தின் பென்சில் செல் 1900 முதல் 2600 வரை இருக்கும். 4000 என்று போட்டிருந்தால் அது கதை. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கொலுச்சரம் போன்றவற்றுக்கு, வைத்திருக்கும்போதே வடிந்துபோகாத ரகம் வேண்டும். 2005இல் சான்யோ நிறுவனம் எனெலூப் என்ற பெயரில் கொண்டுவந்தது அந்த ரகம்தான். இப்போது பல நிறுவனங்கள் விற்கின்றன. ‘ப்ரீ சார்ஜ்ட்’ என்று உறையில் இருக்கும்.

இனி, உயிருக்கு ஆபத்தான தவறுகள். அல்கலைன் செல்லையும், சாதாரண ஜிங்க் செல்லையும், கைக்கடிகார வட்டச் செல்லையும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றக் கூடாது; கசியும், வெடிக்கவும் செய்யும். டார்ச்சில் வரும் லித்தியம் அயான் செல்லுக்கு அதற்கே உரிய சார்ஜர் வேண்டும். அதை நிக்கல் சார்ஜரில் போட்டால் தீப்பிடிக்கலாம். இப்போது பென்சில் செல் உருவத்திலேயே 1.5 வோல்ட் லித்தியம் செல் வருகிறது, உருவம் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. படுக்கை, திரை, கொலுவுக்கு விரித்த துணி ஆகியவற்றின்மேல் சார்ஜரை வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாங்காய் மழையில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். நான் கடைக்குத் திரும்பிப் போனபோது, “விற்ற சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்” என்றார்கள். என்னிடம் பில் இல்லை; நான் கேட்கவும் இல்லை. அதோடு முடிந்தது. பிறகுதான் படித்தேன்: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான்.

பெயரே இல்லாத சார்ஜர் தீப்பிடித்து வீட்டில் சேதம் வந்தால் யாரைக் கேட்பது? தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவர் பொறுப்பு என்கிறது அதே சட்டத்தின் 86ஆவது பிரிவு. ஆனால் அடுத்த பிரிவையும் படியுங்கள். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் இழப்பீடு கிடையாது. அல்கலைன் செல்லைச் சார்ஜரில் போட்டவருக்கு வழக்கும் நிற்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரீசார்ஜ் செல்லுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். நிக்கல் வகைக்கு ஐ.எஸ். 16046 பகுதி 1, லித்தியத்துக்குப் பகுதி 2. ‘ஆர்’ என்ற எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட பதிவு எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டும். சார்ஜரைச் செருகும் மொபைல் அடாப்டருக்கும் இப்படி ஓர் எண் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் பெட்டியின்மேல் இருந்தாக வேண்டும்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘நாங்கள் இடைத்தரகர்தான்’ என்ற பதில் எப்போதுமே எடுபடும் என்றில்லை. தரமற்ற பிரஷர் குக்கரைத் தன் தளத்தில் விற்க விட்டதற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2,265 குக்கர்களைத் திரும்பப் பெறவும் உத்தரவிட்டது.

எதிலும் அசையாவிட்டால் 1915. அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அடுத்தது மைசூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். தேவைப்பட்டால் ஆணையமே பொருளை முத்திரையிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும். செல்லின் கொள்ளளவைத் திரையில் காட்டும் ஸ்மார்ட் சார்ஜர் இங்கே வேறு விதத்திலும் உதவும். 4000 என்று விற்ற செல் சோதனையில் 700 காட்டினால், திரையையும் செல்லையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள், புகாரோடு இணைக்கலாம்.

செத்த செல்லை வீட்டுக் குப்பையோடு போடாமல் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது 2022 மின்கலக் கழிவு விதிகள் நம்மேல் வைத்திருக்கும் கடமை. அதுவரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைக்கலாம், இரு முனையிலும் டேப் ஒட்டி.

இப்போது வீட்டில் இருப்பது நான்கு தனி விளக்குள்ள சார்ஜர். மூன்று செல்லை மட்டும் வைத்தாலும் ஏற்றும். அதன் பில் பெட்டிக்குள்ளேயே மடித்து இருக்கிறது. மூடியின்மேல் 1915 என்று பேனாவால் எழுதியிருக்கிறேன். உங்கள் பெட்டியிலும் எழுதிவிடுங்கள்.