டிகிரி முடிச்சாச்சு... அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கலாமா?

கல்லூரி முடித்த கையோடு, "நம்ம ஊர் ஸ்கூல்ல ஒரு ரெண்டு வருஷம் பாடம் எடுத்தா என்ன?" என்று நினைக்கிற இளைஞர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? பி.எட். இல்லாமல் முடியுமா? சம்பளம் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் போவதால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன் இருக்குமா? இந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறோம். நீங்கள் பட்டதாரியாக இல்லாமல் பெற்றோராக இருந்தாலும் படியுங்கள். கடைசிப் பகுதி உங்களுக்கானது.

ஏன் ஆள் தேவைப்படுகிறது?

கல்வி உரிமைச் சட்டப்படி, 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். 40 பிள்ளைகள் படிக்கிற ஒரு கிராமப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். வகுப்போ ஐந்து, ஆசிரியரோ இருவர். ஒருவர் 1, 2, 3-ஆம் வகுப்புகளைப் பார்த்துக்கொண்டால், இன்னொருவர் 4, 5-ஆம் வகுப்புகளைப் பார்ப்பார். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் பாடம் நடந்தாலும், மூன்று வகுப்பு வைத்திருப்பவரிடம் ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 1 மணி 40 நிமிடம்தான். இருவரில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டாலோ, லீவு எடுத்தாலோ, அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்.

இந்தச் சிக்கல் தெரிந்துதான் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை வகுப்புப்படி இல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து உட்கார வைக்கிறார்கள். இருந்தாலும், எழுத்துக்கூட்டத் திணறுகிற ஒரு பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார ஒரு ஆள் வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளில் நிலைமை வேறு மாதிரி. கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்று, அடுத்தவர் வருவதற்குள் ஓரிரு பருவம் ஓடிவிட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த நாள்கள் திரும்பக் கிடைக்காது.

அனுபவம் இல்லாதவரால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் சில நிபந்தனைகளோடு. ஆய்வுகள் சொல்வதைப் பாருங்கள்.

மும்பை, வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளில், பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர் இளம்பெண்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுத்து, 3, 4-ஆம் வகுப்பில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் மட்டும்தான். பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாகவே உயர்ந்தது. இதை ஆய்வு செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு. 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் இவர்கள்.

நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. ஊர்த் தன்னார்வலர்கள் சாயங்காலத்தில் பாடம் எடுத்தார்கள். கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அமெரிக்காவில் 1990 முதல், புதுப் பட்டதாரிகளை இரண்டு வருடத்துக்கு ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் 'டீச் ஃபார் அமெரிக்கா' நடந்து வருகிறது. 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவர்களிடம் படித்த பிள்ளைகள் கணக்கில் சுமார் ஒரு மாதப் படிப்பு அளவுக்கு முன்னே இருந்தார்கள். வாசிப்பில் வித்தியாசம் இல்லை. அந்தத் திட்டத்தின் மீது இன்றுவரை உள்ள பெரிய குறை, ஆசிரியராகத் தேறிவரும் நேரத்தில் பலர் கிளம்பிவிடுகிறார்கள் என்பதுதான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் தன்னார்வலர்கள் வாசிப்பு வகுப்பு நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு வரவே இல்லை. எனவே, நடத்துவது பாதி வேலை. யாருக்குத் தேவையோ அவர்களை வரவைப்பது மீதிப் பாதி.

உங்களுக்கு எந்த வழி பொருந்தும்?

1. நிரந்தர ஆசிரியர். 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை பாடம் எடுக்க, பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு வேண்டும். "பி.எட். இருக்கே, போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்துவிட்டது. 6-ஆம் வகுப்பிலிருந்து மேலே என்றால் பட்டமும் பி.எட்.டும் தேவை. 8-ஆம் வகுப்பு வரைக்குமான ஆசிரியர்களுக்கு டெட் எனும் தகுதித் தேர்வும் உண்டு. முதல் தாள் 1 முதல் 5 வரை, இரண்டாம் தாள் 6 முதல் 8 வரை. டெட் பாஸ் ஆனாலே வேலை வந்துவிடாது. அது தகுதி மட்டும்தான். அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வையும் எழுதணும். டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்பது நல்ல செய்தி.

2. தற்காலிக ஆசிரியர். காலியிடம் நிரப்பப்படும் வரை, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக ஆசிரியர்களை அமர்த்தும் நடைமுறை 2022-இல் வந்தது. இதற்கும் அந்தந்தப் பணிக்கான கல்வித் தகுதி தேவை. டெட் முடித்தவர்களுக்கு முன்னுரிமை. முதலில் மாத மதிப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று இருந்தது. பிறகு 12,000, 15,000, 18,000 என உயர்ந்தது. இது நிரந்தரப் பணிக்கு உத்தரவாதம் தராது. இதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் இடம் இருக்கிறதா, இப்போதைய தொகை என்ன என்பதைத் தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டுவிடலாம்.

3. இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப். 2009-இல் மும்பையிலும் புனேயிலும் தொடங்கிய 'டீச் ஃபார் இந்தியா' சென்னையிலும் இயங்குகிறது. மாநகராட்சிப் பள்ளிகளிலும் இதன் ஃபெல்லோக்கள் முழுநேரமாகப் பாடம் எடுத்திருக்கிறார்கள். பட்டம் போதும், பி.எட். கட்டாயமில்லை. ஆன்லைன் விண்ணப்பம், நேர்காணல், மாதிரி வகுப்பு என்று பல கட்டத் தேர்வு உண்டு. இது அரசு வேலை கிடையாது. தனியார் தொண்டு நிறுவனம் நடத்துவது.

4. மாலை நேரத் தன்னார்வலர். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மேற்படிப்புக்குத் தயாராகிறவர்களுக்கும் இது ஏற்றது. 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது 1 முதல் 5-ஆம் வகுப்புக்கு பிளஸ் டூ, 6 முதல் 8-க்குப் பட்டம் எனத் தகுதி வைத்தார்கள். மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேர வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இப்போது உங்கள் பகுதியில் மையம் நடக்கிறதா, இடம் காலியா என்பதைப் பக்கத்துப் பள்ளியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

போனைக் கையில் எடுக்கும் முன்...

• "டீச்சர் வேலை வாங்கித் தர்றேன், அட்வான்ஸ் கட்டுங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். மேலே சொன்ன எந்த வழிக்கும் இடைத்தரகர் கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.
• தேர்வு அறிவிப்பை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தளத்தில் மட்டும் பாருங்கள். முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று சரிபாருங்கள்.
• மதிப்பெண் பட்டியலையும் சான்றிதழ்களையும் டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்று போன்றவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் சர்வர் நமக்காகக் காத்திருக்காது.

முதல் மாதம் என்ன செய்யலாம்?

வகுப்புக்குள் போனதும் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்காதீர்கள். முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து, சொல், வாக்கியம், சின்னக் கதை என்று நான்கு படி. யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஐந்தாம் வகுப்பில் எழுத்து தெரியாத பிள்ளை இருந்தால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும்.

தப்பான விடைக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கும். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், 25-க்குப் பதில் 35 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. சோம்பேறித்தனம் இல்லை. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைத்தான் கழிக்கணும் என்று நினைத்து, 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டார்கள். "தப்பு, திரும்பப் போடு" என்றால் மறுபடியும் 35தான் வரும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, "இதிலிருந்து 27 எடு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கட்டை அவிழ்த்தால்தான் முடியும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

பள்ளியில் ஏற்கெனவே இருக்கிற ஆசிரியரை மதித்துக் கேளுங்கள். எந்தப் பிள்ளையின் அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்கள், யார் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

சில விஷயங்களில் சமரசமே கிடையாது. பிள்ளைகளை அடிப்பதும் மனதைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டப்படி தடை. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை ஸ்டேட்டஸிலோ ரீல்ஸிலோ போடாதீர்கள். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடப்பது தெரிந்தால் புகார் கொடுப்பது போக்சோ சட்டப்படி உங்கள் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098.

கிளம்புவதற்கு முன்...

புதிதாக வருகிறவர்களிடம் பிள்ளைகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள். அதனால்தான் நடுவில் நிற்பது அவர்களை இவ்வளவு பாதிக்கிறது. நவம்பரில் வேறு வேலை கிடைத்துக் கிளம்பினால், அந்த வகுப்புக்கு ஜூனில் தொடங்கியது பாதியில் நின்றுபோகும். அடுத்து வருகிறவரை அவர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். ஆகவே சேருவதற்கு முன் உங்களையே கேளுங்கள்: ஒரு முழுக் கல்வியாண்டு, ஜூனிலிருந்து ஏப்ரல் வரை, என்னால் இருக்க முடியுமா? வீட்டுச் செலவு தாங்குமா? முடியாது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாலை நேர வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஆறு நாள் எடுக்கிறேன் என்று சொல்லி இரண்டு மாதத்தில் விடுவதைவிட, மூன்று நாள் என்று சொல்லி வருஷம் முழுக்க வருவது மேல்.

தவிர்க்க முடியாமல் போக வேண்டி வந்தால், ஒரு மாதம் முன்பே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். முதல் வாரம் தொடங்கிய அந்த நோட்டை, யார் எந்தப் படி வரை வந்திருக்கிறார்கள் என்று நிரப்பி, அடுத்து வருகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"சின்னப் பொண்ணா இருக்கே, இது என்ன சொல்லிக் கொடுக்கும்?" என்று முதல் நாளே முடிவு கட்ட வேண்டாம். உங்கள் பிள்ளை எந்த நிலையில் வாசிக்கிறது என்று அந்த ஆசிரியரிடம் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். பதில் மாறியிருக்கணும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். காலியிடம் எத்தனை நாளாக இருக்கிறது, அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று அந்தக் கூட்டத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பதில் கிடைக்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள். வெளியூரிலிருந்து வந்த இளம் ஆசிரியராக இருந்தால், தங்க நல்ல இடம் கிடைக்கவும் பஸ் நேரம் தெரிந்துகொள்ளவும் உதவுங்கள். ஊரில் காலூன்றியவர் வருஷ நடுவில் கிளம்ப யோசிப்பார்.